லிஸ்ட்ல ஏறாத நஷ்டம்: கடக்கரை வாசகர்களுக்கு அக்கா பதில்கள்

போன இதழ்ல ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருந்தேன். புயல் மழைல நஷ்டப்பட்டதுக்கு அப்புறம் உங்களுக்கு என்ன கெடைச்சுது, என்ன கெடைக்கலன்னு எழுதுங்கன்னு. பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, ஏர்வாடி, அங்கிட்டு தேவிபட்டினம் தாண்டி தொண்டி வரைக்கும் கடுதாசி வந்து குமிஞ்சிருச்சு, பாதி வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜாவே வந்துச்சு, ஒக்காந்து கேட்டு கேட்டு எழுதி எடுத்தேன். வாடைக் காத்து ஆரம்பிச்சாலே நம்ம ஆளுகளுக்கு வயித்துல புளியக் கரைக்கும், அது எனக்கும் தெரியும், நானும் அந்த மணல்ல பொறந்தவதான். பேரு போட வேணாம்னு நெறைய பேரு கேட்டதால ஊர் மட்டும் போடுறேன்.

அக்கா, எங்க வீடு தென்கடல் பக்கம், அலை அடிக்கிற எடத்துல இருந்து நூறு அடி கூட இருக்காது. போன மழைக்கு ஒரு பக்கச் சுவரு அப்படியே ஒக்காந்துருச்சு. வந்து பாத்துட்டு போனவங்க இங்க கட்ட முடியாது, மூணு கிலோமீட்டர் தள்ளி மேட்டுல வீடு தர்றோம், கையெழுத்து போடுங்கன்னு சொல்றாங்க. வீட்டுக்காரரு வேணாங்கறாரு, எனக்கு புள்ளைகள நெனச்சா போயிரலாம்னு இருக்கு. போகலேன்னா கட்டாயப்படுத்துவாங்களா? – பாம்பன் வாசகி

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு, உங்க பயமும் நியாயம், உங்க வீட்டுக்காரரு சொல்றதும் நியாயம். ரெண்டு பேருல யாரோ ஒருத்தர் தப்புன்னு நெனச்சு வீட்டுக்குள்ள சண்டை போட்டுக்காதீங்க.

கட்டாயம்ங்கறதுக்கு வர்றேன். சுனாமிக்கு அப்புறம் 2005 மார்ச் 30-ல தமிழ்நாடு அரசு 172-ம் நம்பர் ஜி.ஓ., அதாவது அரசாணை, போட்டுச்சு. அதுல கடல்ல இருந்து 200 மீட்டருக்குள்ள வீடு இழந்தவங்களுக்கு ரெண்டு வழி சொன்னாங்க. உள்ள தள்ளிப் போனா ஒன்றரை லட்சம் மதிப்புல புது வீடு இலவசம், கிராமத்துல 3 சென்ட், டவுன்ல ஒன்றரை சென்ட், பட்டா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு பேருலயும். போக இஷ்டம் இல்லேன்னா இருந்த எடத்துலயே நீங்களே ரிப்பேர் பண்ணிக்கலாம், ஆனா அரசுகிட்ட இருந்து அதுக்கு காசு வராது. பேப்பர்ல பாத்தா யாரையும் கட்டாயப்படுத்தலதான். ஆனா இருந்த எடத்துல இருந்தா ஒத்த ரூபா இல்ல, எந்திரிச்சு போனா வீடுன்னு சொன்னா, கூரை இல்லாம தார்ப்பாய்க்குள்ள கைக்குழந்தையோட ஒக்காந்திருக்கவ எதச் சொல்லுவா? அத இஷ்டம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

இன்னொரு விஷயம் அந்த ஜி.ஓ.வுல இருந்துச்சு, அத அப்ப நெறைய பேரு கவனிக்கல. புது வீடு வாங்கணும்னா பழைய எடத்து உரிமைய விட்டுக் குடுக்கணும், அந்த எடம் அரசுகிட்ட பொது உபயோகத்துக்குன்னு போயிரும். பொது உபயோகம்னா என்ன? வலை காயப் போடலாமா, வள்ளத்த, அதான் நம்ம நாட்டுப்படக, ஏத்தி வைக்கலாமா, இல்ல நாளைக்கு பார்க்கும் ரோடும் வருமா? இத எழுத்துல கேட்டு வாங்காம கையெழுத்து போடாதீங்க. இது ஒண்ணுதான் நான் உங்களுக்கு கெஞ்சிச் சொல்றது.

நான் 2005-ல காலேஜ் முடிச்ச புதுசு, கணக்கெடுக்குற வேலைக்காக கடக்கரை ஊர் ஊரா நோட்டுப் புத்தகத்தோட நடந்தவ. நாலஞ்சு வருஷம் கழிச்சு உள்ள தள்ளிக் கட்டுன ஒரு காலனிக்கு போயிருந்தேன். வீடு நல்ல காங்கிரீட் வீடு, குறை சொல்ல முடியாது. ஆனா உள்ள போனா கட்டில் இருக்க வேண்டிய எடத்துல இன்ஜின் இருக்கு. கரையில விட்டா களவு போயிரும்னு அந்த அவுட்போர்டு இன்ஜின தெனமும் டி.வி.எஸ். எக்ஸெல்ல பின்னாடி கட்டித் தூக்கிட்டு வர்றாரு அந்த அண்ணன், சாயந்தரம் போறப்ப திரும்பக் கட்டித் தூக்கிட்டு போறாரு. மண்ணெண்ணெய் வாடை சோத்துப் பானை வரைக்கும் அடிக்குது. அவரு சொன்னது இன்னும் காதுல இருக்கு: "முந்தி எல்லாம் ராத்திரி படுத்திருக்கப்பயே சத்தத்த வச்சு காத்து மாறிருச்சான்னு தெரியும்மா, இப்ப எந்திரிச்சு அவ்ளோ தூரம் போயி பாத்துட்டு, தொழிலுக்கு ஆகாதுன்னு திரும்பி வர்றேன்." எண்ணெய்க் காசு போச்சு, தூக்கமும் போச்சு. இத எந்த நிவாரணக் கணக்குலயும் எழுத மாட்டாங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-ல ஒண்ணு, 2019-ல ஒண்ணு இருக்கு. 2011-ல கிராமப்புறக் கடக்கரைல 100-ல இருந்து 200 மீட்டருக்குள்ள பாரம்பரிய மீனவங்க அனுமதியோட வீடு கட்டிக்கலாம்னு இருந்துச்சு, 2019-ல ஜனநெருக்கம் அதிகமான கிராமங்கள்ல கட்டவே கூடாதுங்கற தூரத்த 50 மீட்டரா கொறைச்சாங்க. அதனால "200 மீட்டருக்குள்ள மீனவன் வீடே கட்டக்கூடாது"ன்னு ஒத்த வரியில யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஆனா உண்மையையும் சொல்லணும், நூறு அடின்னா 30 மீட்டர்தான், அங்க புதுசா கட்ட அனுமதி கெடைக்கிறது ரொம்ப கஷ்டம். அதனால "போ"ங்கறதுக்கும் "போகாத"ங்கறதுக்கும் நடுவுல கேளுங்க. மூணு கிலோமீட்டர் வேணாம், நடந்து போற தூரத்துல குடுங்க, கரையில வலை வைக்க இன்ஜின் வைக்க பூட்டுப் போட்ட ஷெட்டு குடுங்க, கரைக்குப் போற பாதைய எந்த ரிசார்ட்டுக்காரரும் வேலி போட்டு மறிக்க முடியாதபடி எழுதிக் குடுங்கன்னு. இத நீங்க ஒரு குடும்பமா கேட்டா எடுபடாது. எத்தன வீட்டுக்கு இப்படி சொல்லிருக்காங்களோ அத்தன பேரும் ஒரே மனுவுல கையெழுத்து போட்டு போங்க.

மேடம், நான் மீனவர் இல்ல. ஒவ்வொரு தடவையும் புயல் வருது, ஒவ்வொரு தடவையும் கடலோரத்துல இருக்கவங்களே பாதிக்கப்படுறாங்க. உள்ள வந்து குடியிருந்தா என்ன? தப்பா நெனைக்காதீங்க, உண்மையிலேயே புரியாமத்தான் கேக்குறேன். – மதுரை வாசகர்

தப்பா நெனைக்கல தம்பி, கேட்டது நல்லதாப் போச்சு.

வயக்காட்டுக்காரங்க வயல விட்டு பத்து கிலோமீட்டர் தள்ளி குடியிருந்தாலும் வயலு அங்கயேதான் இருக்கும். கடல் அப்படி இல்ல. காத்து, நீரோட்டம், தண்ணி கலங்கலா தெளிவா இதெல்லாம் நேரத்துக்கு நேரம் மாறும். எங்க பக்கம் இன்னும் விசேஷம், ராமேஸ்வரம் தீவுக்கு வடக்க பாக் நீரிணை, தெக்க மன்னார் வளைகுடா, வடகடல் அமைதின்னு அத பெண் கடல்னும் தென்கடல ஆண் கடல்னும் சொல்லுவோம், வாடை அடிச்சா அந்தப் பேரே மாறிப்போற மாதிரி வடகடல் பொங்கும், அப்ப வள்ளத்த தெக்க கொண்டு வந்து கட்டணும். நங்கூரம் இழுத்துக்கிட்டு ஒரு படகு நகந்தா வரிசையா பத்து படகு மோதி ஒடையும். ராத்திரி ரெண்டு மணிக்கு காத்து ஏறுறப்ப ஓடிப்போய் கயிற இழுத்துக் கட்ட ஆளு பக்கத்துல இருக்கணும். அதுக்குத்தான் கரையோரம். இது பிடிவாதம் இல்ல, தொழிலு.

இன்னொண்ணு, புயல் வர்றப்ப எங்க ஆளுக எந்திரிச்சு போகாம இல்ல. கூண்டு ஏத்திட்டாங்கன்னா புள்ளைகளத் தூக்கிட்டு ஸ்கூலுக்கோ புயல் காப்பு மையத்துக்கோ போயிருவாங்க. ரெண்டு நாள் ஒதுங்குறது வேற, ஆயுசுக்கும் கடல விட்டு ஒதுங்குறது வேற. நாங்க ஒதுங்கிப் போன எடம் சும்மா கெடக்குதான்னு பாருங்க, ஹோட்டலும் காட்டேஜும் வருது. எங்களுக்கு ஆபத்தான எடம் அவங்களுக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாமப் போச்சுன்னு நீங்களும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

எனக்கு படகும் இல்ல வலையும் இல்ல. கடல்ல பாசி எடுக்கப் போறவ. புயலுக்கு அப்புறம் தண்ணி கலங்கி ஒரு மாசத்துக்கு மேல வேலைக்கே போகல, பாறையெல்லாம் மண்ணு மூடிருச்சு. லிஸ்ட் எழுத வந்தவங்க "படகு இருக்கா, வலை இருக்கா, வீடு விழுந்துச்சா"ன்னு மூணு கேட்டாங்க, மூணுக்கும் இல்லேன்னேன், அடுத்த வீட்டுக்கு போயிட்டாங்க. நான் நஷ்டப்படலையா? – மண்டபம் பக்கத்து வாசகி

இந்தக் கடுதாசிய நான் நாலு தடவ படிச்சேன். ஏன்னா அந்த மூணு கேள்விய கேட்டுட்டு அடுத்த வீட்டுக்கு போனவள்ல நானும் ஒருத்தி. 2005-ல எங்க கையில குடுத்த படிவத்துல அந்தக் கட்டங்கதான் இருந்துச்சு, வேற எதாச்சும் சொன்னா எழுத எடம் இல்ல. எழுத எடம் இல்லேன்னா நஷ்டமே இல்லேன்னு ஆயிப்போச்சு. அன்னைக்கு மார்ஜின்லயாவது எழுதியிருக்கணும்னு இன்னைக்கும் நெனைக்கிறேன்.

பாசி எடுக்குறத பாக்காதவங்களுக்காக சொல்றேன். வெடிய முன்னாடி வத்தைங்கற சின்னப் படகுல ஏறி தீவுப் பக்கம் போவாங்க. கண்ணுக்கு கண்ணாடி, விரலு பாறைல கிழியாம இருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணி சுத்திக்குவாங்க, நீந்துறதுக்கு காலுல அலுமினியத் தட்ட செருப்பு மாதிரி கட்டிக்குவாங்க, இடுப்புல பை. மூச்சப் புடிச்சு உள்ள போயி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிச்சுட்டு மேல வந்து மூச்சு விட்டுட்டு திரும்ப உள்ள போவாங்க. இது மணிக்கணக்கா நடக்கும். மாசத்துல 12 நாள் மட்டும்தான் எடுக்கணும்னு, பாசி திரும்ப வளரணுமேன்னு, அந்தப் பொம்பளைகளே தங்களுக்குள்ள கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-ல அமெரிக்கா வரைக்கும் கூப்புட்டு, தீவுகளோட இயற்கையக் காப்பாத்துறவங்களுக்கு குடுக்குற சீகாலஜி விருது குடுத்தது இந்த வேலைக்குத்தான். விருது குடுக்குற அளவுக்கு பெரிய தொழிலு, நிவாரணப் படிவத்துல ஒரு கட்டத்துக்குக் கூட ஆகலன்னா எங்க போயி சொல்றது?

உங்களுக்கு சட்டத்துல எடம் இருக்கு தங்கச்சி. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தோட 12-வது பிரிவு, நிவாரணத்துக்கு கொறைஞ்சபட்ச தரம் வைக்கணும்னு சொல்லுது. அதுல உயிரிழப்பு, வீட்டுச் சேதம் இதோட வாழ்வாதாரத்த மீட்டுக் குடுக்குறதுக்கும் உதவின்னு வார்த்தை இருக்கு. வாழ்வாதாரம்னுதான் இருக்கு, படகுன்னு இல்ல. நிவாரண நிதி விதிமுறைலயும் பிழைப்பு கடுமையா பாதிச்ச குடும்பத்துக்கு உதவின்னு தனித் தலைப்பே இருக்கு. அதனால அடுத்த தடவ யாராச்சும் நோட்டோட வந்தா, மூணு கேள்விக்கும் இல்லேன்னு சொல்லிட்டு நிக்காதீங்க, "நாலாவதா எழுதுங்க, பாசித் தொழில், இத்தன நாள் வேலை இல்ல"ன்னு சொல்லி எழுத வைங்க. எழுத மாட்டேன்னா நீங்களே வெள்ளைத் தாள்ல எழுதி தாலுகா ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்குங்க. மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்துல உறுப்பினரா இல்லேன்னா மொத வேலையா சேந்துருங்க. மீன்துறை கணக்குக்குள்ள நீங்க வர்றதுக்கு அதுதான் வாசப்படி. பாசி வாங்குற கம்பெனி ஏஜென்ட் எடை போட்டு எழுதிக் குடுக்குற துண்டுச் சீட்டு இருக்குல்ல, அத தூக்கிப் போடாதீங்க. புயலுக்கு முந்தின மாசம் எத்தன கிலோ, பிந்தின மாசம் எத்தன கிலோன்னு அதுதான் உங்க சாட்சி.

மூங்கில் தெப்பத்துல பாசி வளக்குறவங்களுக்கும் இதேதான். தெப்பம் ஒடைஞ்சா கயிறும் விதைப்பாசியும் சேந்து போகும், அத எண்ணி ஃபோட்டோ எடுத்து வைங்க.

கூலிக்கு படகு ஏறுற ஆம்பளைக, மீன் காய வைக்குறவங்க, கூடையத் தூக்கிட்டு பஸ் ஏறி ராமநாதபுரம் பரமக்குடின்னு போயி விக்கிற ஆச்சிமாருக, ஐஸ் ஒடைக்கிற பையன், எல்லாரும் இந்தக் கேள்விய தங்க கேள்வியா எடுத்துக்கங்க.

வள்ளம் ரெண்டாப் பொளந்துருச்சு. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேருலதான் இருக்கு, வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. நிவாரணம் கெடைக்குமா, எவ்ளோ கெடைக்கும்? – தங்கச்சிமடம் வாசகர்

அண்ணே, பேரு மாத்தாம இருந்தது பெரிய தப்பு, அத ஒளிக்காம சொல்லிடறேன். லிஸ்ட்ல ஏறுறது படகோட்டுறவன் பேரு இல்ல, பதிவுல இருக்கவரு பேரு. பழைய ஓனர கையோட கூட்டிட்டு போயி மீன்வளத்துறை ஆபீஸ்ல பேரு மாத்த எழுதிக் குடுங்க, வித்ததுக்கு எழுதுன பேப்பர், டீசல் இல்ல மண்ணெண்ணெய் வாங்குன பாஸ்புக்கு, எது இருந்தாலும் சேத்து குடுங்க. ஒடைஞ்ச வள்ளத்த வெறகுக்கு குடுத்துராதீங்க, ஆய்வுக்கு வந்து பாத்து எழுதுற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்.

எவ்ளோன்னு கேட்டீங்க. 2022-ல மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி முழுசா போன நாட்டுப்படகுக்கு 15,000 ரூபா, முழுசா போன வலைக்கு 4,000 ரூபா. ஒரு பைபர் வள்ளம் இன்ஜினோட இன்னைக்கு என்ன வெலைன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அந்தக் காசுல இன்ஜின் புரொபெல்லரும் நாலு கயிறும் வாங்கலாம். அதே சமயம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப தமிழ்நாடு அரசு வள்ளம் முழுசா போனா 75,000-ல இருந்து ஒரு லட்சமாவும், கட்டுமரத்துக்கு வலையோட சேத்து 32,000-ல இருந்து 50,000-மாவும், வலைக்கு 15,000-மாவும் ஒசத்துச்சு. ஆக மாநில அரசு நெனச்சா கூடக் குடுக்க முடியும்னு ஆயிப்போச்சு. அது சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்கு வந்த புயல். சென்னைக்கு பக்கத்துல ஒடைஞ்ச வள்ளத்துக்கு என்ன கணக்கோ பாம்பன்ல ஒடைஞ்ச வள்ளத்துக்கும் அதே கணக்கு வேணும்னு மனுவுல இந்த வருஷத்தையும் தொகையையும் போட்டு எழுதுங்க. 2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சு தீவே மெதந்துச்சே, அதுக்கு பேரு வைக்கல. பேரு வச்ச புயலுக்குத்தான் பணம்ங்கற மாதிரி ஆகிறக் கூடாது.

எங்க அய்யா தனுஷ்கோடி புயல்ல தப்பிச்சவரு. நாங்க இன்னும் அங்கதான் தொழில் பண்றோம், அங்கதான் குடிசை. ஓட்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, பட்டா மட்டும் இல்ல. அறுபது வருஷமாகியும் எங்கள வந்தேறி மாதிரி பேசுறாங்க. எங்களுக்கு மறுவாழ்வுன்னு எதுவும் எழுதப்படலையா? – தனுஷ்கோடி வாசகர்

1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில் ஆளுகளோட அப்படியே கடலுக்குள்ள போச்சு. சுத்துவட்டாரத்துல 1,800 பேருக்கு மேல செத்ததா கணக்கு. ரயில் ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், கஸ்டம்ஸ், ஆஸ்பத்திரின்னு தலைமன்னாருக்கு கப்பல் விட்ட ஊரு, விடிஞ்சு பாத்தா இல்ல. பாம்பன் பாலத்த 46 நாள்ல சரி பண்ணுனாங்க, அத செஞ்ச ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் பேரு அதுலதான் மொதல்ல நாடெல்லாம் தெரிஞ்சுது. பாலம் 46 நாள்ல எந்திரிச்சுருச்சு. ஊர? "மனுசன் வாழத் தகுதியில்லாத எடம்"னு அரசு அறிவிச்சுது, அதோட முடிஞ்சுது.

அந்த அறிவிப்புல தப்பு சொல்றது கஷ்டம், அன்னைக்கு அந்த பயம் அப்படி. ஆனா வாழத் தகுதியில்லேன்னு சொல்லிட்டா அங்க வாழ்ந்தவங்களுக்கு வேற எங்க, கடல் எங்க, தொழில் எங்கன்னு சேத்து சொல்லணும்ல? அத சொல்லாததுனாலதான் உங்க அய்யா திரும்ப அதே மணலுக்கு வந்தாரு. மணல கையால தோண்டுனா நல்ல தண்ணி ஊறும்னு தெரிஞ்சவங்க, எந்த மாசம் எந்தக் கரையில மீனு கட்டும்னு தெரிஞ்சவங்க, வேற எங்க போவாங்க. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டாச்சு, வண்டி வண்டியா டூரிஸ்ட் வர்றாங்க. 2025 ஜூன்ல பூநாரைக்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க, பறவை வரட்டும், எனக்கு அதுல சந்தோஷம்தான். ரோட்டுக்கும் பறவைக்கும் எழுத்துல எடம் கெடைச்ச ஊர்ல, வலை இழுக்குறவனுக்கும் எழுத்துல ஒரு எடம் வேணும்.

என்ன செய்யலாம்னா, பட்டா மட்டும் கேட்டு நிக்காதீங்க, அது கெடைக்காமலும் போகலாம், கடக்கரைப் புறம்போக்கு, வனம், சரணாலயம்னு ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொண்ணு சொல்லும். அதோட சேத்து இன்னொண்ணு கேளுங்க. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம்னு ஒண்ணு மாநில அரசு தயாரிக்கணும். அதுல மீனவ கிராமங்க, படகு கட்டுற எடம், வலை காய வைக்கிற எடம், மீனவங்களோட வருங்கால வீட்டுத் தேவை எல்லாம் காட்டணும்னு சட்டத்துலயே இருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல போயி அந்த வரைபடத்த கேட்டு வாங்கிப் பாருங்க, உங்க மூன்றாம் சத்திரம், கம்பிப்பாடு, பாலம் குடியிருப்பு அதுல இருக்கான்னு. இல்லேன்னா எழுத்துல ஆட்சேபம் குடுங்க. கூடவே உங்க அய்யா காலத்துல இருந்து அங்கதான் இருக்கோம்ங்கறதுக்கு என்னென்ன இருக்கோ, புள்ளைகளோட ஸ்கூல் சர்டிபிகேட்டு, பழைய ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட், எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு ராமேஸ்வரத்துல சொந்தக்காரங்க வீட்டுல ஒரு காப்பி வைங்க. அடுத்த காத்துல குடிசையோட பேப்பரும் போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

உங்க அய்யா இருந்தார்னா அவரு பேசுறத ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க. யாரு வீடு எங்க இருந்துச்சுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடலுக்குப் போன தம்பி புயலோட திரும்பல. ஏழு வருஷம் காத்திருந்தாத்தான் இறந்ததா சர்டிபிகேட்டுன்னு சொல்றாங்க. அவன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைக என்ன பண்ணும்? – ஏர்வாடி வாசகி

அக்கா, என்ன சொல்லித் தேத்துறதுன்னு தெரியல. காரியத்த மட்டும் சொல்றேன்.

ஏழு வருஷம்ங்கறது பொதுவான சட்டம். ஆனா பேரிடர்ல காணாமப் போனவங்களுக்கு அவ்ளோ நாள் காத்திருக்க வேண்டியதில்லன்னு சுனாமிலயும், 2017 ஒக்கி புயல்லயும் தனி நடைமுறை வச்சாங்க. ஒக்கில கன்னியாகுமரி ஆளுக ரோட்டுல ஒக்காந்து போராடினாங்க, அதுக்கப்புறம்தான் நிவாரணம் 20 லட்சம்னு மாநில அரசு அறிவிச்சுது. அதனால கடலோரக் காவல் ஸ்டேஷன்ல காணவில்லைன்னு எஃப்.ஐ.ஆர். இருக்கான்னு மொதல்ல பாருங்க, இல்லேன்னா இன்னைக்கே குடுங்க. அவன் போன படகு கடலுக்குப் போறப்ப வாங்குன டோக்கன் இல்ல கூட வந்தவங்க சாட்சி, மீன்வளத்துறைல குடுத்த தகவல், தேடுன கப்பல் பத்தின பேப்பர், எல்லாத்தையும் சேத்து தாசில்தார் வழியா கலெக்டருக்கு மனு. மீனவர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துல உயிரிழப்புக்கு 5 லட்சம் இருக்கு, அவன் பதிவு பண்ணியிருந்தானான்னு சங்கத்துல கேளுங்க. நிவாரணம் வர்றப்ப பொண்டாட்டி பேருல தனி அக்கவுண்ட்டுக்கு வர்ற மாதிரி எழுதிக் குடுங்க, குடும்பத்துல நல்லவங்கதான் எல்லாரும், ஆனாலும் அப்படியே எழுதுங்க.

சுனாமி வீட்டுல இருக்கோம். சிமெண்ட்டு பேந்து கம்பி தெரியுது. பட்டா இன்னும் வரல. எங்க அப்பா அம்மா, கல்யாணம் ஆன ரெண்டு அண்ணன், நான், எல்லாரும் அந்த ஒரே வீட்டுல. எத்தன தடவ மனு குடுத்தாலும் பதில் இல்ல. வக்கீல் வைக்க காசும் இல்ல. – தேவிபட்டினம் பக்கத்து வாசகர்

2005-ல நாலு வயசுப் பையனா இருந்தவனுக்கு இப்ப கல்யாண வயசு, வீடு அதே 300, 325 சதுர அடி. குடும்பம் பெருகும்ங்கறத அன்னைக்கு யாரும் கணக்குல எடுக்கல. உங்க அண்ணன்மாருக ரெண்டு பேரும் தனித்தனி ரேஷன் கார்டு வாங்கியிருந்தா தனித்தனியா வீட்டுமனைக்கு எழுதிக் குடுக்கணும், ஒரே கார்டுல இருந்தா ஒரே குடும்பம்னுதான் எழுதுவாங்க.

பட்டாவுக்கு இனிமே வெறும் மனு வேணாம், தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்க குடியிருப்புக்கு எந்த சர்வே நம்பர்ல நிலம் எடுத்தாங்க, எத்தன பேருக்கு பட்டா குடுத்தாச்சு, மிச்சம் ஏன் குடுக்கலன்னு மூணே கேள்வி. முப்பது நாள்ல பதில் வரணும். வந்த பதில எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு போங்க. ஊராட்சின்னா கிராம சபைலயும் தீர்மானம் போடச் சொல்லுங்க, நவம்பர் 1-ம் தேதி சபைய நான் குறிப்பா சொல்றேன், அது நம்ம பக்கம் மழை உச்சத்துக்கு ஏறுற நேரம், ஒழுகுற வீட்டப் பத்தி பேச அதவிட நல்ல நாள் இல்ல.

வக்கீலுக்கு காசு வேணாம். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல 12-வது பிரிவு, வெள்ளம் மாதிரி பேரிடர்ல பாதிக்கப்பட்டவங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டுன்னு சொல்லுது. ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்துலயே மாவட்ட ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு. போறப்ப பேந்த சிமெண்ட்டு, தெரியிற கம்பி எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு கொண்டு போங்க, ஃபோன்ல காட்டுறேன்னு நிக்காதீங்க. அம்மாவையும் கூட்டிட்டு போங்க, பட்டா அவங்க பேருலயும் வரணும். மனு குடுத்ததும் சீல் போட்ட நகல் கையில வாங்காம அந்தக் கவுண்டர விட்டு நகராதீங்க, வாங்கின தேதிய எனக்கு எழுதுங்க, முப்பது நாள் நானும் எண்ணிக்கிட்டே இருப்பேன்.